பிளேட்டில் இல்லாத இறக்கம்

அந்த வருஷம் மைசூரில் அந்தப் பாட்டைப் பாடாத வாய் கிடையாது. தமிழ் நாடகக் கம்பெனி ஒன்று வந்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மழை பிடிக்கும்வரை ஆடிவிட்டுப் போயிற்று. கம்பெனி போன பிறகும் பாட்டு போகவில்லை. புகுந்த வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பிய ஒரு பெண், மாட்டுவண்டிக்காரனிடம், பொழுது சாய்வதற்குள் என்னை அம்மா வீட்டில் இறக்கிவிடு என்று கெஞ்சுகிறாள். கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் பாட்டு. ஆனால் மெட்டு அப்படி. ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் புளி கரைக்கும்போதுகூட வாய் அதையே முணுமுணுக்கும்.

ஆளாளுக்கு அதைப் பாடினார்கள். கன்னட நாடகக்காரர்கள் அதே மெட்டுக்குக் கன்னடத்தில் வார்த்தை கட்டி, வண்டிக்காரன் இருந்த இடத்தில் கிருஷ்ணனை உட்கார்த்தி வைத்தார்கள். பகவானே வண்டி ஓட்டும்போது அந்தப் பெண்ணுக்கு என்ன பயம்? பயம் போய்விட்டால் அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது? கல்யாண ஊர்வலத்தில் பேண்ட் செட்டுக்காரர்கள் அதை வாசித்ததுதான் நான் கேட்டதிலேயே மோசம். அழுதுகொண்டு போகிற பெண்ணை சிப்பாய்களுக்கு நடுவே நிறுத்தி லெப்ட் ரைட் போட வைத்ததுபோல இருந்தது. எங்கள் தெருக்கோடியில் இருந்த நர்ஸ் அக்கா, அவர்கள் சர்ச்சிலும் அதே மெட்டில் ஒரு கீர்த்தனை வந்துவிட்டது என்று சொல்லி, ஒருநாள் துணி உலர்த்தியபடியே பாடிக் காட்டினார். அதில் பொழுது சாயும்போது இயேசு கூடவே நடந்து வருகிறார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகப் பாடினார். அது ஒன்றை மட்டும் நல்ல பாட்டு என்று ஒத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் பாடியதையெல்லாம் மனசுக்குள் தள்ளிவைத்தேன். அந்தப் பாட்டு எப்படி முடிய வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு எனக்கு.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தோடு நின்றுவிட்டவள். கடைசித் தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு எழுந்து நடமாடத் தெம்பில்லை. அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா வேலை. விடியும் முன்பே டிபன் கட்டியாக வேண்டும். “வீட்டுக்கு ஆள் வேணுமேம்மா” என்றார் அப்பா. அதட்டிச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். கெஞ்சுவது மாதிரிச் சொன்னார், அதனால் புத்தகங்களைப் பரணில் போட்டேன். அன்றிலிருந்து எனக்குக் கவலைதான் உத்தியோகம். பால் பொங்கிவிடுமோ, தம்பி கிணற்றுப் பக்கம் போய்விடுவானோ, அம்மா தூங்குகிறாளா மயங்கிக் கிடக்கிறாளா, இப்படி. அம்மா மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, “இன்னும் இருக்கேன், போடி” என்பாள்.

பக்கத்து வீட்டில் என் சிநேகிதி இருந்தாள். அவள் அப்பா அரண்மனை லாயத்துக் குதிரைகளுக்குப் புல்லும் கொள்ளும் அனுப்பும் காண்டிராக்டர். மாடி வீடு. அந்த வீட்டில் கிராமபோன் இருந்தது. மத்தியானம் அம்மாவும் தம்பியும் தூங்கும் நேரத்தில் பின்கட்டு வழியாக நான் அங்கே ஓடுவேன். அவள்தான் பாட்டுப் பிளேட் போடுவாள். சாவி கொடுக்கும் கைப்பிடியை என்னைத் தொடவிட மாட்டாள். “முழுசாக் கொடுத்தா ஸ்பிரிங் அறுந்துடும்னு அப்பா சொல்லியிருக்கார், உனக்குக் கை பழக்கமில்லே” என்பாள். எனக்கும் அறுந்துவிடுமோ என்று பயம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காருவேன்.

வண்டிக்காரன் பாட்டு நீளம். பிளேட்டின் ஒரு பக்கத்தில் பாதி, மறுபக்கத்தில் மீதி. முதல் பக்கம் முடிந்ததும் அவள் மறுபடி சாவி கொடுக்கப் போனால் நான் தடுப்பேன். “வேண்டாம்டி, அந்தப் பொண்ணு பாதி வழியில நிக்கிறா. சீக்கிரம் திருப்பிப் போடு” என்பேன். அவளும் சிரித்துக்கொண்டே அப்படியே திருப்பிப் போடுவாள். பாட்டு முடியப்போகும் நேரத்தில் அந்த அதிசயம் நடக்கும். பொழுது சாய்கிறதே என்ற கடைசி அடியில் பாடுகிறவளின் குரல் இழுபட்டு, கனத்து, படிப்படியாகக் கீழே இறங்கும். பெண் குரல் ஆண் குரல்போல ஆகி, தரையில் உட்கார்ந்துவிடும். சூரியனே உள்ளே போய்விட்டது மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு மனுஷி இப்படிப் பாட முடியுமா?

நாடகத்துக்கு என்னை யாரும் அழைத்துப் போகவில்லை. காபி ஓட்டலில் பிளேட் போடுவார்கள், அங்கே நாங்கள் போக முடியாது. எனக்குத் தெரிந்த பாட்டு அந்தப் பெட்டிக்குள் இருந்ததுதான். நான் அதைப் பாடம் பண்ணினேன். முன்பாதி சுலபமாக வந்துவிட்டது. அந்தக் கடைசி இறக்கத்துக்குத்தான் மாசக்கணக்கில் கஷ்டப்பட்டேன். கிணற்றடியில் ராட்டினச் சத்தத்துக்குள் ஒளிந்து பழகினேன். மூச்சை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே தொண்டையைத் தளர்த்த வேண்டும், சுருதி கெடாமல் எப்படி ஒவ்வொரு படியாகக் கீழே கால் வைக்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன். ஒருநாள் வந்துவிட்டது. அம்மா கட்டிலில் இருந்து, “என்னடி அது, பொழுது போயிடுச்சா?” என்று கேட்டாள். மத்தியானம்தான். அவள் அப்படிக் கேட்டதே எனக்குப் போதும்.

சிநேகிதியிடம் ஓடிப்போய்ப் பாடிக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு முகத்தை முந்தானையில் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

“எப்படிடீ அப்படி இறக்கினே?” என்றாள்.

“பிளேட்டுல இருக்கிற மாதிரிதானே?”

“ஆமா ஆமா. அச்சு அசல். தசராவுக்கு நீ இதைத்தான் பாடணும். நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்.”

தசரா என்றால் எங்களுக்கு யானையும் அம்பாரியும் ஒரு நாள்தான். மீதி நாளெல்லாம் கொலு. சாயங்காலம் ஆனால் வீடு வீடாகப் போக வேண்டும். தமிழ் வீடு, கன்னட வீடு என்றில்லை. பொம்மைகளைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னதும், அந்த வீட்டு அம்மாள் பாயைக் காட்டி, “ஒரு பாட்டுப் பாடு” என்பார். பாடாமல் சுண்டல் வாங்கிக்கொண்டு எழுந்திருப்பது மரியாதை இல்லை. அந்த வருஷம் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே வண்டிக்காரன்தான். ஒரு போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா கொத்தமல்லிக் கட்டு பேரம் பேசுவதுபோல அதைப் பாடினார். வண்டிக்காரன் பயந்துபோய் இறக்கிவிட்டிருப்பான். ஒரு சின்னப் பெண் பாட்டோடு ஆர்மோனியத்தையும் வாயாலேயே வாசித்தாள். இன்னொருத்தி பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, “இனிமே அந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டு மீதியைத் தொடர்ந்தாள். ஒரு கன்னடக்கார அம்மாளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தார். அர்த்தமே இல்லை. ஆனால் குரலில் அந்தப் பெண்ணின் பயம் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் யாருமே கடைசியில் இறங்கவில்லை. எல்லாரும் ஏறின சுருதியிலேயே நின்று, நேராக முடித்தார்கள். பாவம், இவர்களுக்கு அவ்வளவு தூரம் பழக நேரம் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முறை வரும்போது மட்டும் அறை நிசப்தமாகிவிடும். நான் கண்ணை மூடிப் பாடுவேன். திறந்தால் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “பாடும்மா, இன்னொரு தரம் அந்தக் கடைசி மட்டும்!” என்று கேட்பார்கள். சிநேகிதி என் பின்னால் நின்று, “இவளைப் பாடச் சொல்லுங்க, இவ பாடினா வேற மாதிரி” என்று ஒவ்வொரு வீட்டிலும் முதலில் சொல்லிவைப்பாள். எனக்காக இவ்வளவு பாடுபடுகிறாளே என்று நினைத்தேன். அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

இதில் எனக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. ஊரில் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரம்மா இருந்தார். எல்லாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார். குரலைக் கேட்டு, பிடித்தால் தாமே கூப்பிடுவார். நான் அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர், “அந்தம்மாவே கூப்பிட்டா மாட்டேங்கல. நீயா போய் நிக்காதே” என்று சொல்லியிருந்தார். கூப்பிட்டுவிட்டால் தினம் ஒரு மணி நேரம். அடுப்பு இல்லாத, தம்பி இல்லாத, அம்மாவின் மூக்கில் விரல் வைத்துப் பார்க்க வேண்டியில்லாத ஒரு மணி நேரம். பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகு எனக்கென்று நான் கேட்டது அது ஒன்றுதான்.

சரஸ்வதி பூஜையன்று டீச்சரம்மா காண்டிராக்டர் வீட்டுக் கொலுவுக்கு வருவதாகப் பேச்சு. சிநேகிதி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க எதிர்ல உன்னைப் பாட வைக்கிறேன். கூப்பிட்டாங்கன்னா நாம ரெண்டு பேருமே போகலாம்டி, ஒண்ணா” என்றாள். நான் அன்றைக்குக் காலையிலிருந்து சாப்பிடவில்லை. சாப்பிட்டால் தொண்டை கட்டுமோ என்று பயம். சாப்பிடாவிட்டால் மயக்கம் வருமோ என்றும் பயம். அம்மாதான் திட்டி ஒரு டம்ளர் கஞ்சி குடிக்க வைத்தாள்.

கூடம் நிறையப் பெண்கள். டீச்சரம்மா கொலுப்படிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். கறுத்த, ஒல்லியான உடம்பு, நகை அதிகமில்லை. நான் எதிரே பாயில் உட்கார்ந்தேன். சிநேகிதி வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னால். பாட ஆரம்பித்தேன். குரல் முதலில் நடுங்கியது, பிறகு சுருதியில் நின்றது. முதல் பாதி நன்றாகவே வந்தது. டீச்சரம்மாவின் விரல் மடியில் தாளம் போட்டது. கடைசி அடி. இறங்கினேன். முதல் படி, அடுத்த படி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்து அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. பிறகு இன்னொருத்தர். பிறகு கூடமே. முன்வரிசையில் போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். எல்லாருடைய கண்ணும் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தன. நான் திரும்பினேன். சிநேகிதி நின்றபடி என் முதுகுக்கு நேராகக் கையை வைத்து, காற்றில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். கிராமபோனுக்குச் சாவி கொடுப்பது மாதிரி, சுற்றிச் சுற்றி.

“இன்னும் கொடுடீ, நின்னுடப் போகுது!” என்று ஒரு குரல்.

டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “யாருகிட்ட கத்துக்கிட்டே இதை?” என்று கேட்டார்.

“பிளேட்டுல...” என்றேன்.

“பிளேட்டுல இப்படி இல்லையே.”

சிநேகிதி முன்னால் வந்தாள். “எங்க வீட்டுப் பிளேட்தான் டீச்சர். சாவி தீர்ந்துபோனா பெட்டி இழுக்கும்ல? இவ அதையும் சேர்த்துப் பாடம் பண்ணிட்டா. எங்கே பாடினாலும் அப்படியே இழுப்பா!” என்று சொல்லி, ஒரு தரம் செய்தும் காட்டினாள். கோமாளி மாதிரி, மூக்கால். கூடம் மறுபடி சிரித்தது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் பூஜையன்று மஞ்சள் குங்குமம் வாங்காமல் ஒரு வீட்டை விட்டுப் போகக் கூடாது. போனால் அந்த வீட்டுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. அந்தப் பயத்தில் உட்கார்ந்தே இருந்தேன். வந்தவர்கள் எல்லாருக்கும் கொடுத்து முடித்துக் கடைசியில் சிநேகிதியேதான் எனக்கும் குங்குமம் வைத்தாள். நெற்றியில் அவள் விரல் பட்டது. அவள் கண்ணில் சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர் இருந்தது.

மறுநாள் பின்கட்டுக்கு வந்து நின்றாள். “கோச்சுக்கிட்டியா? வேடிக்கைக்குத்தானேடி.”

“உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“எது?”

“சாவி தீர்ந்து இழுக்குதுன்னு.”

“எங்க வீட்டுப் பெட்டி, எனக்குத் தெரியாதா? மொதல்லேர்ந்து தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

அவள் சுவரைச் சுரண்டினாள். “நீ அவ்வளவு கஷ்டப்பட்டு அதை எடுத்தியா, சொல்ல மனசு வரலை. அப்புறம் கேக்கிறவங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

கேட்டவர்கள் சிரித்தார்கள். அத்தனை வீட்டிலும் சிரித்திருக்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடியிருக்கிறேன். அன்று ராத்திரி ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், இன்னொரு தரம் என்று யார் கேட்டார்கள் என்று. எல்லா முகமும் இப்போது வேறு முகமாகத் தெரிந்தது. பெட்டி ஏமாற்றியதற்கு நான் வருத்தப்படவில்லை. பெட்டிக்கு என்ன தெரியும்?

டீச்சரம்மா அவளைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவாரோ என்று ஒரு மாசம் வாசல் பக்கம் காதை வைத்திருந்தேன். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது, “அந்தம்மா ஒண்ணும் சொல்லி அனுப்பலியே” என்று இலையைப் பார்த்துச் சொன்னார். “இல்லைப்பா” என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் அந்தப் பாட்டை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் பிளேட் போட்டால் தண்ணீர்ப் பானையைச் சத்தமாக நகர்த்துவேன்.

இரண்டு தசரா போனது. ஊரில் ரேடியோ வந்த புதிது. சாயங்காலத்தில் உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பாட வைப்பார்கள். காண்டிராக்டர் வீட்டில் ரேடியோப் பெட்டி வாங்கியிருந்தார்கள். நல்ல நிகழ்ச்சி என்றால் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள், தெருவே நின்று கேட்கும். அன்றைக்கு ஜன்னலைத் திறந்ததற்குக் காரணம், பாடப்போவது அந்த வீட்டுப் பெண். நான் போகவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாமே கேட்டது.

முதலில் இரண்டு கீர்த்தனை. கற்றுக்கொண்டது தெரிந்தது, குரல் தேறியிருந்தது, பிசிறு இல்லை. மூன்றாவதாக வண்டிக்காரன். எல்லாருக்கும் பிடித்த பாட்டு, ரேடியோக்காரர்களே பாடச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து அரிசியைத் தேய்த்தேன். கடைசி அடி வந்தது.

அவள் இறங்கினாள்.

என் இறக்கம். நான் மூச்சுப் பிடித்த அதே இடத்தில் மூச்சுப் பிடித்து, நான் தொண்டையைத் தளர்த்திய அதே இடத்தில் தளர்த்தி, படிப்படியாக. கொலுவில் மூக்கால் செய்து காட்டியது மாதிரி இல்லை. ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று நான் தேடி எடுத்ததை, தேர்ந்த குரலில், துளிகூடச் சுருதி கெடாமல், என்னால் ஒருநாளும் முடியாத நிதானத்தோடு செய்தாள். கடைசிச் சத்தம் அடங்கிய பிறகும் தெருவில் யாரும் பேசவில்லை. வண்டி எங்கேயோ இருட்டில் நின்றுவிட்டது போலிருந்தது.

அந்தப் பாட்டை நான் எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கிறேன். அதைவிட நன்றாக யாரும் பாடவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, அதனால்தான் வயிறு எரிகிறது. மோசமாகப் பாடியிருந்தால் மன்னித்திருப்பேன்.

அரிசி கொட்டிப்போயிருந்தது. அம்மா உள்ளேயிருந்து, “என்னடி, நீயா பாடினே?” என்றாள்.

“இல்லைம்மா. ரேடியோ.”

“உன்னை மாதிரியே இருந்துச்சே” என்றாள் அம்மா. அவ்வளவுதான், தூங்கிவிட்டாள். அதை அம்மாவைத் தவிர வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் குழாயடியில் அதே பேச்சு. கூடத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த அதே போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா, “கடைசியில ஒரு இறக்கம் இறக்கினா பாருங்க, எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணிடுச்சு” என்றார். “எல்லாம் டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தது” என்றார் இன்னொருத்தர். எனக்கு அதுவே பெரிய குழப்பமாகிவிட்டது. டீச்சரம்மாதான் அதை வைத்துக்கொள் என்று அவளிடம் சொல்லியிருப்பாரோ? அன்று சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது அதனால்தானோ? அப்படியானால் ஏன் என்னைக் கூப்பிடவில்லை? இல்லை, இவளாகவே எடுத்துக்கொண்டாளோ? எடுத்துக்கொண்டதை டீச்சரம்மாவிடம் தன்னுடையது என்று சொன்னாளோ? பாத்திரம் தேய்க்கும்போது, தலை வாரும்போது, இதே கேள்விகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வந்து நிற்கும். போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் அவள் சிரித்துவிடுவாளோ என்று பயம்.

அதைவிட மோசம் பிறகு வந்தது. ஒருநாள் தண்ணீர் இறைத்துக்கொண்டே என்னை அறியாமல் கடைசி அடியை முணுமுணுத்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, “ரேடியோப் பாட்டா? பரவாயில்லையே, அவளைக் கேட்டு நீயும் கத்துக்கிட்டே” என்றார். நல்ல மனசோடு சொன்னார். நான் கயிற்றை விட்டுவிட்டேன். வாளி கிணற்றுக்குள் விழுந்தது.

அந்த ரேடியோப் பாட்டைக் கேட்டுத்தான் அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சங்கீதப் பித்து. “இப்படிப் பாடுற பொண்ணு வேணும்” என்று விசாரித்துக்கொண்டு வந்தார்களாம். கல்யாணத்துக்குக் கூப்பிட அவளும் அவள் அம்மாவும் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். அவள் என் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, கால் பிடித்துவிட்டாள். எழும்போது என்னைத் தனியாக அழைத்து, “நலங்குக்குக் கண்டிப்பா வரணும். நீ பாடணும்” என்றாள்.

“நான் எதுக்கு?”

“நீ இல்லாம எப்படிடீ?” என்றாள். அப்போது அவள் முகத்தில் பழைய சிநேகிதியைப் பார்த்தேன். அந்த முகத்தை நம்பித்தான் போனேன். ஒருவேளை எல்லார் எதிரிலும் ஏதாவது சொல்வாளோ என்றுகூட நினைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இது இவளிடமிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை. அது போதும்.

நலங்கன்று மணப்பலகையில் அவளை உட்கார வைத்து, சுற்றிலும் இரண்டு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா எனக்கு எதிரே. கேலிப் பாட்டுகள் ஓடின. மாப்பிள்ளைக்கு முன்பல் எடுப்பு என்று இவர்கள் பாட, பெண்ணுக்குச் சமையல்கட்டு எந்தத் திசை என்று தெரியாது என்று அவர்கள் பாட, ஒரே கும்மாளம். பிறகு யாரோ என்னைக் காட்டி, “இந்தப் பொண்ணும் நல்லாப் பாடும், வண்டிக்காரன் பாடச் சொல்லுங்க” என்றார்கள்.

இறக்கிப் பாடினால், கல்யாணப் பெண்ணைக் காப்பி அடிக்கிறேன் என்பார்கள், அதுவும் அவள் நலங்கிலேயே. பாட மாட்டேன் என்றால் மங்கல காரியத்தில் முரண்டு பிடிக்கிறேன் என்பார்கள். கடைசியில் பிளேட்டில் எப்படி இருந்ததோ அப்படி, ஊரெல்லாம் பாடியது மாதிரி, நேராகப் பாடி முடித்தேன். முழுச் சாவி கொடுத்த பாட்டு. தப்பில்லாமல் இருந்தது. எனக்கே அதில் உயிர் இல்லை என்று தெரிந்தது.

“நல்லா இருக்கு” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பிறகு தலையைச் சாய்த்து, “ஆனா கடைசியில அந்த இறக்கம் வரலியேம்மா. அங்கேதானே பாட்டே இருக்கு” என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். மஞ்சள் பூசிய முகம், பெரிய கண்கள். பதில் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

“அது அவளுக்கு வராதுங்க அத்தை” என்றாள் அவள். “அதுக்கு ரொம்ப நாள் பழகணும்.”

அந்தம்மாள் பெருமையோடு தலையாட்டினார். யாரோ அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. கிணற்றடி, ராட்டினம், பெட்டி, எல்லாம். யார் நம்புவார்கள்? நம்பினால்தான் என்ன ஆகும்? அந்த மாமியார் என்ன நினைப்பார், கல்யாணம் நின்றுபோனால் பழி யார்மேல்? எந்த நேரத்திலும் என் புத்தி இப்படித்தான், கெட்டது எதுவோ அதை முதலில் கொண்டுவந்து காட்டும்.

மஞ்சள் பூச என் முறை வந்தது. எழுந்து போய் அவள் முன்னால் குனிந்து, கிண்ணத்தில் விரலைத் தோய்த்து அவள் கன்னத்தில் வைத்தேன். அவள் உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “சொல்லிடாதேடி” என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. அது யாருடையது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும். அதை ஒத்துக்கொண்டதும் அந்த ஒரு வார்த்தையில்தான், அதையும் என் வாயை மூடத்தான் ஒத்துக்கொண்டாள்.

மறு கன்னத்திலும் பூசினேன். கையில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைக்கத் துணி தேடினேன். பின்னால் நின்ற பெண் தோளைத் தட்டி, “நகரு கண்ணு, நாங்களும் பூச வேணாமா?” என்றாள். நகர்ந்தேன்.